எஸ்ஏபி பயிற்சி முடித்தவர் ஏன் உடனே கன்சல்டன்ட் ஆகிவிட முடியாது?

சுங்கை சிப்புட்டில் டிப்ளோமாவோ டிகிரியோ முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளை உள்ள வீட்டுக்கு யோசனை சொல்ல ஆள் பஞ்சமே கிடையாது. அந்த யோசனைகளில், நிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்ஏபி மென்பொருளைப் பற்றிய ஒன்று சில வருடங்களாக அடிக்கடி காதில் விழுகிறது: "எஸ்ஏபி படிக்க வையுங்க. மூணு மாசம்தான். கேஎல்ல கன்சல்டன்ட் வேலை, கை நிறையச் சம்பளம்." கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த மாமா சொல்வார். பயிற்சி மையத்தின் விளம்பரமும் அதையே சொல்லும். சங்கிலியை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய குடும்பங்கள் எனக்குத் தெரியும். பிள்ளை சான்றிதழோடு வந்து நிற்கும். நேர்காணலில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எத்தனை புராஜெக்ட் செய்திருக்கிறீர்கள்?"

பயிற்சி மையம் ஏமாற்றிவிட்டது என்று வீட்டில் பேச்சு வரும். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நன்றாகச் சொல்லிக்கொடுத்த மையத்தில் படித்து நல்ல மதிப்பெண் எடுத்தவருக்கும் இதே கதிதான். காரணம் அந்த வேலையின் தன்மையிலேயே இருக்கிறது. கணினிப் பின்னணி இல்லாதவருக்கும் புரியும்படி அதை அடியிலிருந்து சொல்கிறேன்.

முதலில், இது என்ன மென்பொருள்?

ஒரு செம்பனை ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். பழக்குலை ஏற்றிய லாரி எடைமேடையில் ஏறுகிறது. ஸ்டோரில் உரம், டீசல், பேரிங் எல்லாம் கிடக்கின்றன. ஆபீசில் கிராணி, ஆள் வருகையும் கூலியும் எழுதிய செக்ரோலைப் பார்த்துச் சம்பளம் போடுகிறார். கணக்குப் பிரிவு சப்ளையருக்குப் பணம் அனுப்புகிறது. அந்தக் காலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புத்தகம் இருந்தது. மாதக் கடைசியில் எல்லாப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒத்துப் பார்ப்பார்கள்.

இந்தப் புத்தகங்களையெல்லாம் ஒரே தரவுக் கிடங்கில் சேர்த்துவைக்கும் மென்பொருளுக்கு ஈஆர்பி என்று பெயர். கொள்முதல், சரக்கு, உற்பத்தி, விற்பனை, சம்பளம், கணக்கு என்று ஒரு நிறுவனத்தின் அன்றாடம் முழுவதும் அதற்குள் வந்துவிடும். அப்படிப்பட்ட மென்பொருள்களில் எஸ்ஏபி ஒன்று. ஐபிஎம்மில் வேலை பார்த்த ஐந்து பொறியாளர்கள் வெளியே வந்து 1972-இல் ஜெர்மனியில் தொடங்கிய நிறுவனம் அது. ஆரக்கிளும் மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸும் இதே வகைதான். நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் பொருந்தும். நம் ஊரில் எஸ்ஏபி என்ற பெயர்தான் அடிபடுகிறது என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈஆர்பியில் ஓரிடத்தில் எழுதினால் மற்ற இடங்களில் தானாகவே எழுதப்பட்டுவிடும். ஸ்டோர் கிராணி உரம் வந்ததைப் பதிவு செய்து பொத்தானை அழுத்திய அந்த நொடியே, அவர் கண்ணில் படாமல், கணக்குப் பிரிவின் பேரேட்டிலும் வரவு பற்று விழுந்துவிடும். மென்பொருளின் பலமே இதுதான். ஆபத்தும் இதில்தான் இருக்கிறது.

கன்சல்டன்ட் அதில் என்ன செய்கிறார்?

மென்பொருளைத் தினமும் பயன்படுத்துபவர் பயனர். நிரல் எழுதுபவர் புரோகிராமர். கன்சல்டன்ட் இந்த இருவரும் இல்லை. நிறுவனம் எப்படி இயங்குகிறது என்று கேட்டு அறிந்து, அதற்கு ஏற்ப மென்பொருளை அமைத்துக் கொடுப்பவர் அவர்.

அமைப்பது என்றால் பெரும்பாலும் தேர்வு செய்வதுதான். எந்தச் சரக்கை எந்த அளவையில் வைப்பது, எவ்வளவு தொகைக்கு மேல் போனால் மானேஜர் கையெழுத்து வேண்டும், உரம் வந்தால் எந்தக் கணக்கில் பற்று எழுதுவது என்று ஆயிரக்கணக்கான தேர்வுகள். இதற்குக் கான்ஃபிகரேஷன் என்று பெயர். அமைத்து, சோதித்து, பழைய முறையை நிறுத்திப் புதியதில் நிறுவனம் ஓடத் தொடங்கும் நாளைக் கோ-லைவ் என்பார்கள்.

எந்தத் திரையில் போய் அந்தத் தேர்வைப் பதிவு செய்வது என்பதைப் பயிற்சி சொல்லித்தரும். எதைத் தேர்வு செய்வது என்பதற்குத்தான் நிறுவனங்கள் கன்சல்டன்டுக்குச் சம்பளம் கொடுக்கின்றன.

கழிக்கப்போகும் மரம்

ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்கப் புதிதாக மரம் வெட்டப் பழகுகிறவரை நல்ல மரத்தில் விடமாட்டார்கள். மறுநடவுக்காகக் கழிக்கப்போகும் கிழட்டு மரங்களில்தான் கத்தியைப் பிடிக்கச் சொல்வார்கள். சரிவு சரியாக இருக்கிறதா, பட்டை ஒரே கனத்தில் சீவி வருகிறதா என்று அங்கே பழகிக்கொள்ளலாம். ஆழமாகப் போய்க் காயம் பட்டாலும் கேட்க ஆளில்லை. எப்படியும் சாயப்போகிற மரம்.

நல்ல மரத்தில் அதே காயம் வேறு கணக்கு. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. கத்தி அதில் பட்டால் அன்றைக்குப் பால் என்னவோ நன்றாகத்தான் வடியும். ஆனால் புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். சில வருடம் கழித்து அதே பக்கத்தில் மறுபடி வெட்ட வரும் ஆளுக்குக் கத்தி ஓடாது. அதற்குள் முதலில் வெட்டியவர் வேறு தோட்டத்துக்கே போயிருப்பார்.

பயிற்சி மையத்துக் கணினியில் இருப்பது கழிக்கப்போகும் மரம். அதைச் சாண்ட்பாக்ஸ் என்பார்கள்: பழகுவதற்கென்றே தனியாக வைத்த, யாருடைய பணமும் ஓடாத நகல் அமைப்பு. எஸ்ஏபி நிறுவனமே இதற்காக ஐடெஸ் என்ற கற்பனை நிறுவனத்தைத் தயாரித்து வைத்திருந்தது. அதில் எல்லாச் சரக்கும் ஒழுங்காகப் பெயரிடப்பட்டிருக்கும், எல்லா சப்ளையரும் சொன்ன தேதியில் அனுப்புவார். அங்கே செய்த தவறின் விளைவைப் பார்க்க நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள், அடுத்த வாரம் அடுத்த பாடம் வந்துவிடும்.

இருபது டன் உரம்: பாடத்திலும் ஸ்டோரிலும்

கொள்முதல் பாடத்தில் எல்லா மையங்களும் சொல்லித்தருவது மூன்று தாள்களின் ஒப்பீடு. கொள்முதல் ஆணை, அதாவது பி.ஓ., நாம் என்ன கேட்டோம் என்று சொல்லும். சரக்கு வரவுப் பதிவு உண்மையில் என்ன வந்தது என்று சொல்லும். இன்வாய்ஸ் சப்ளையர் எதற்குப் பணம் கேட்கிறார் என்று சொல்லும். மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் வெளியே போகும்.

பாடத்தில் 100 கேட்பார்கள், 100 வரும், 100-க்கு இன்வாய்ஸ் வரும். மாணவர் மூன்று திரையையும் நிரப்புவார். பச்சை விளக்கு எரியும். பாடம் முடிந்தது.

இப்போது தோட்டத்து ஸ்டோருக்கு வாருங்கள். எண்கள் எளிதாக இருக்கட்டும்: 20 டன் உரம், டன்னுக்கு 2,000 ரிங்கிட், மொத்தம் 40,000 ரிங்கிட்டுக்கு ஆணை போயிருக்கிறது. ஐம்பது கிலோ மூட்டையாக வந்தால் 400 மூட்டை. சனிக்கிழமை சாயங்காலம் மழையில் லாரி வந்து நிற்கிறது. மேலே போட்ட கான்வாஸ் கிழிந்து 12 மூட்டை நனைந்து கட்டிதட்டிப் போயிருக்கிறது. ஸ்டோர் கிராணி, கோ-லைவ் முடிந்து அங்கே உட்கார்ந்திருக்கும் புதுக் கன்சல்டன்டைக் கூப்பிடுகிறார்:

"தம்பி, பன்னெண்டு மூட்டை போச்சு. டிரைவர் நானூறுக்குக் கையெழுத்து கேக்குறான். திங்கக்கிழமை பெரட்டு முடிஞ்சதும் உரம் போட ஆளு காட்டுக்குப் போயிடும். இப்ப நான் சிஸ்டத்துல என்னா போடட்டும்?"

எந்தத் திரையைத் திறக்க வேண்டும் என்று தம்பிக்குத் தெரியும். கேள்வி அது இல்லையே.

400 என்று போட்டால் ஆணையோடு ஒத்துப்போகும், இன்வாய்ஸோடும் ஒத்துப்போகும், 40,000 ரிங்கிட்டும் சப்ளையருக்குப் போய்விடும். ஆனால் ஸ்டோரில் இல்லாத 12 மூட்டை கணினியில் இருக்கும். சரக்கு எண்ணும் நாளில் பதில் சொல்ல வேண்டியவர் கிராணி.

388 என்று போட்டால் உண்மை பதிவாகும். ஆனால் 400-க்கு இன்வாய்ஸ் வரும்போது கணினி அதைப் பணம் போகாமல் நிறுத்திவைக்கும். சரக்கு வந்துவிட்டது, இன்வாய்ஸ் இன்னும் சரியாகவில்லை என்ற இடைக்காலத்துக்கென்று பேரேட்டில் ஒரு கணக்கு உண்டு. அதை ஜிஆர்-ஐஆர் கணக்கு என்பார்கள். சரக்கு வரவால் அதில் 38,800 ஒரு பக்கம் விழும், இன்வாய்ஸால் 40,000 மறுபக்கம் விழும். நடுவில் 1,200 ரிங்கிட் தொங்கும். சப்ளையர் 12 மூட்டைக்கான தொகையைக் குறைத்துக் கிரெடிட் நோட் அனுப்பும்வரை அது தொங்கிக்கொண்டே இருக்கும். இப்படி ஒரு வருடத்தில் நூறு சேர்ந்தால் எது எதனுடைய மிச்சம் என்றே தெரியாது.

மூன்றாவதாக ஒரு வழி: 400-ஐயும் வாங்கி, கெட்ட 12-ஐ மட்டும் பயன்படுத்த முடியாத தனிக் கையிருப்பில் வைத்து, அதைத் திருப்பி அனுப்பியதாகப் பதிவு செய்வது. சுத்தமான வழிதான். ஆனால் சப்ளையர் திருப்பி எடுத்துக்கொள்வாரா? வழியில் கெட்டுப்போனால் நட்டம் யாருடையது என்று ஒப்பந்தம் என்ன சொல்கிறது? அதைத் தெரிந்தவர் கொள்முதல் பிரிவில் இருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஆபீசில் இல்லை.

இதில் இன்னொரு குழியும் இருக்கிறது. ஆணை டன்னில் போயிருக்கிறது, கிராணி மூட்டையில் எண்ணுகிறார். வரவுத் திரையில் அளவை மாற்றாமல் 388 என்று அடித்தால் கணினி அதை 388 டன் என்று எடுத்துக்கொள்ளும். ஆணைக்கு மேல் இவ்வளவுதான் வரலாம் என்று வரம்பு வைத்திருந்தால் அங்கேயே தடுத்துவிடும். "எதற்கு வம்பு" என்று யாரோ வரம்பை எடுத்துவிட்டிருந்தால் ஒரே நொடியில் ஏழரை லட்சத்துக்கு மேல் மதிப்புள்ள உரம் அந்தச் சின்ன ஸ்டோருக்குள் வந்துவிடும்.

உரத்தின் அடிப்படை அளவையை மூட்டையாக வைத்திருந்தால் இந்தத் தொல்லை குறைந்திருக்கும் என்று இப்போது தோன்றும். மாற்றலாமே என்றால், சரக்கு உள்ளே வரத் தொடங்கிவிட்ட பிறகு அடிப்படை அளவையை எஸ்ஏபி எளிதில் மாற்ற விடாது. கையிருப்பைப் பூஜ்யமாக்கி, திறந்திருக்கும் ஆணைகளை மூடி, பெரும்பாலும் புதுச் சரக்கு எண்ணே போட வேண்டிவரும். பல மாதங்களுக்கு முன்பு ஏசி அறையில் யாரோ ஐந்து நொடியில் செய்த தேர்வு அது. முடிச்சு விழுந்த பட்டை என்று நான் சொன்னது இதைத்தான்.

அனுபவமுள்ள கன்சல்டன்ட் இந்தச் சனிக்கிழமைக்குப் பல மாதம் முன்பே, அமைக்கும் கட்டத்திலேயே, கிராணியிடம் கேட்டிருப்பார்: "அண்ணே, மூட்டையா எண்ணுவீங்களா, எடை போடுவீங்களா? நனைஞ்சு வந்தா என்னா பண்ணுவீங்க? லீவு நாள்ல லாரி வந்தா யாரு கையெழுத்து?" இப்படியெல்லாம் கேட்க வேண்டும் என்று அவருக்குப் பாடத்தில் யாரும் சொல்லவில்லை. வேறெங்கோ ஒரு ஸ்டோரில், வேறொரு மழை நாளில், பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

இதுவரை சொன்னதைத் திரட்டினால்: பயிற்சி எல்லாம் ஒழுங்காக நடக்கும் வழியைக் காட்டுகிறது. வேலை, ஒழுங்கு தவறும் இடங்களில் இருக்கிறது. தவறின் விலை, தவறு செய்த திரையில் தெரியாமல் வேறொரு பிரிவில், வேறொரு மாதத்தில் தெரிகிறது.

பெயர்களின் குப்பை

பழைய புத்தகத்திலிருந்து புது அமைப்புக்குச் சரக்குப் பட்டியலை ஏற்றும் வேலையைப் பயிற்சியில் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை. சரக்கு, சப்ளையர், தொழிலாளி ஆகியோரைப் பற்றிய நிலையான விவரங்களை மாஸ்டர் டேட்டா என்பார்கள். ஆலை ஸ்டோரில் "பேரிங் 6205" என்று ஒரு வரி, "6205 பேரிங்" என்று இன்னொரு வரி, "மோட்டார் பேரிங் சின்னது" என்று மூன்றாவது வரி இருக்கும். மூன்றும் ஒரே பொருள். அது தெரிந்தவர் ஃபோர்மன் ஒருவர்தான், அவருக்கோ உட்கார்ந்து பேச நேரம் இல்லை. அவரை எப்போது பிடிப்பது, எப்படிக் கேட்டால் சொல்வார் என்பதும் இந்தத் தொழிலின் பகுதி. என்னைக் கேட்டால் பெரிய பகுதி.

சட்டம் பாதியில் மாறும்போது

மென்பொருள் ஜெர்மனியில் எழுதப்பட்டது. ஓடுவது மலேசியச் சட்டத்தின் கீழ். ஜிஎஸ்டி என்ற பொருள் சேவை வரி 2015 ஏப்ரல் 1-இல் 6 விழுக்காட்டில் வந்தது. 2018 ஜூன் 1-இல் விகிதம் பூஜ்யமானது. செப்டம்பர் 1-இல் எஸ்எஸ்டி என்ற பழைய விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. விகிதத்தை அமைக்கும் திரையைப் பாடத்தில் பார்த்தவர், 6 என்று இருக்கும் இடத்தில் 0 என்று மாற்றினால் போதும் என்று நினைப்பார்.

மே மாதம் விற்ற சரக்கு ஜூலையில் திரும்பி வந்தால் என்ன ஆகும்? விற்றபோது 6 விழுக்காடு வாங்கியிருக்கிறோம், கிரெடிட் நோட்டும் 6 விழுக்காட்டோடுதான் போக வேண்டும். பழைய வரிக் குறியீட்டின் விகிதத்தையே அழித்துவிட்டால் அந்தக் கிரெடிட் நோட்டைப் போட இடமே இருக்காது. அதனால் பழைய குறியீட்டைத் தொடாமல் புதிதாக ஒன்றை உண்டாக்குவார்கள். அந்த மூன்று மாதத்தை ஏதாவது ஒரு கணக்குப் பிரிவில் உட்கார்ந்து கழித்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக வந்த மின்-இன்வாய்ஸிலும் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது.

சம்பளப் பகுதியில் இன்னும் நுணுக்கம். தொழிலாளியின் ஓவர்டைம் பணத்தைப் பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவுக்குக் கணக்கில் சேர்க்க வேண்டும், ஈபிஎஃப் என்ற சேமநிதிச் சந்தாவுக்குச் சேர்க்கக் கூடாது. ஒரே பணம், இரண்டு விதி. குலைக் கணக்கில் கூலி வாங்கும் அறுவடைத் தொழிலாளிக்கு, மழையால் வரவு குறைந்த மாதத்தில், 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் எப்படிப் பொருந்துகிறது என்பது அடுத்த கேள்வி. செக்ரோல் எழுதிப் பழகிய தோட்டத்துக் கிராணி இதைத் தூக்கத்தில்கூடச் சொல்வார். அவருக்குத் தெரியாதது திரைகள் மட்டும்தான். அதைத்தான் ஒரு பயிற்சி மையம் கொடுக்க முடியும். இந்தப் பக்கத்திலிருந்து போகிறவருக்குப் பயிற்சி பெரிய லாபம்.

சான்றிதழ் வீண்தானா?

இல்லை. எஸ்ஏபியின் அசோசியேட் நிலைச் சான்றிதழ்களுக்கு அந்த நிறுவனம் நீண்ட காலமாகக் கொடுத்துவந்த விளக்கத்தையே பாருங்கள்: இதைப் பெற்றவருக்கு அடிப்படை அறிவு இருக்கிறது, அனுபவமுள்ள கன்சல்டன்டின் வழிகாட்டலில் புராஜெக்டில் பணியாற்ற முடியும் என்றுதான் அது சொல்கிறது. வழிகாட்டலில் என்ற அந்தச் சொல் விளம்பரத்துக்குள் வரும்போது மட்டும் காணாமல் போய்விடுகிறது.

ஆளே தேவைப்படவில்லை என்றும் நினைக்க வேண்டாம். பழைய ஈசிசி பதிப்புக்கு எஸ்ஏபி வழக்கமான ஆதரவை 2027 இறுதியோடு நிறுத்துவதாக அறிவித்திருப்பதால், நிறுவனங்கள் எஸ்/4ஹனா என்ற புதுப் பதிப்புக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. தேவை உண்மை. அந்தத் தேவை பெரும்பாலும் ஒருமுறையாவது கோ-லைவ் பார்த்தவர்களுக்கானது.

அப்படியானால் எங்கே தொடங்குவது?

கன்சல்டன்ட் என்ற பெயர்ப்பலகை இல்லாத கதவுகள் வழியாக. ஈஆர்பி ஓடும் ஆலையிலோ தோட்டக் கம்பெனியிலோ தொழிற்சாலையிலோ ஸ்டோர், கொள்முதல், கணக்கு, சம்பளப் பிரிவு வேலை. சைபர்ஜெயா, கோலாலம்பூர், பினாங்கில் உள்ள பகிர்வுச் சேவை மையங்களில் இன்வாய்ஸ் பதியும் வேலை. பல நாட்டுக் கம்பெனிகளின் கணக்கு வேலை ஒரே கட்டடத்தில் நடக்கும் இடங்கள் அவை. பயனர்களின் புகாரை வாங்கித் தீர்க்கும் உதவி மேசை வேலையும் நல்லது, தப்பு நடக்கும் விதங்களையெல்லாம் மொத்தமாகப் பார்க்கக் கிடைக்கும்.

அங்கே சேர்ந்ததும் சும்மா பதிந்துகொண்டிருக்காமல், மாதக் கடைசியில் கணக்கை மூடும் நாட்களில் பக்கத்தில் நில்லுங்கள். எந்த எண் ஏன் தொங்குகிறது என்று கேளுங்கள். கம்பெனி புது அமைப்புக்கு மாறும்போது ஒவ்வொரு பிரிவிலிருந்தும் விவரம் தெரிந்த ஒருவரைக் கன்சல்டன்டுகளோடு உட்கார வைப்பார்கள். அவருக்குக் கீ யூசர் என்று பெயர். கூடுதல் வேலை, கூடுதல் சம்பளம் இல்லை என்று பலர் நழுவுவார்கள். கையைத் தூக்குங்கள். எனக்குத் தெரிந்து நன்றாக வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவர்கள்தான்.

ஸ்டோரில் தமிழும் லாரி டிரைவரிடம் மலாயும் மானேஜரிடம் ஆங்கிலமும் பேசி ஒரே விஷயத்தை மூன்று பக்கமும் கேட்டுவரத் தெரிவது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சும்மா கிடைத்த கூடுதல் பலம். விண்ணப்பத்தில் அதை எழுத ஏனோ கூச்சப்படுகிறார்கள்.

பயிற்சிக் கட்டணம் பற்றி ஒன்று. எஸ்ஏபி நிறுவனமே இணையத்தில் பல பாடங்களை இலவசமாக வைத்திருக்கிறது. விருப்பம் இருக்கிறதா என்று பார்க்க அதுவே போதும், நகையைத் தொட வேண்டாம். வேலையில் சேர்ந்த பிறகு, ஊழியர் பயிற்சிக்காக முதலாளிகள் கட்டும் எச்ஆர்டி கோர்ப் லெவி பற்றிக் கம்பெனியிடம் கேளுங்கள். பத்து மலேசியர்களையோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் பெரும்பாலான முதலாளிகள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை அங்கே கட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஊழியரின் பயிற்சிக்கு அதிலிருந்து செலவழிக்கலாம். விண்ணப்பத்தை முதலாளிதான் போட வேண்டும், அதுவும் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே. கைக்காசைக் கட்டிப் படித்துவிட்டு வந்து ரசீதை நீட்டினால் திரும்பக் கிடைக்காது.